வயிறு வைத்த சக்கரம்

பையைக் காலால் தள்ளாதீர்கள் தம்பி. உள்ளே இரும்பு இருக்கிறது, உங்கள் கால் விரலுக்குத்தான் கேடு. இல்லை, மேலே வைக்க முடியாது. டிரைவர் பிரேக் போட்டால் யார் மண்டையிலாவது விழும். அது அங்கேயே கிடக்கட்டும். நீங்கள் காலைக் கொஞ்சம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மடியில் இருப்பது மாலை. மானாமதுரையிலேயே கட்டி வாங்கி, வாடாமல் இருக்க ஈரத்துணி சுற்றிக் கொண்டுவருகிறேன். திருப்புவனத்தில் என் தங்கச்சி மகளுக்கு இன்றைக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் பொண்ணு மணவறை ஏறும். என் தங்கச்சிக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். நான் போகாவிட்டால் அங்கே ஒரு வேலையும் நடக்காது.

கல்யாணத்துக்கு எதற்கு இரும்பு என்று பார்க்கிறீர்கள். பார்க்கத்தான் செய்வீர்கள். கண்டக்டரும் அப்படித்தான் பார்த்தான். அது ஒரு சக்கரம். என் தங்கச்சி புருசன் குருநாதன் லேத்தில் கடைந்து கொடுத்த சக்கரம். அதை இன்றைக்குச் சபையில் வைக்கப்போகிறேன். அவன் எழுந்து நின்று, ‘நான் கடைஞ்ச சக்கரம் தப்பு’ என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இந்தத் துணியை அவிழ்ப்பேன்.

சிரிக்காதீர்கள். சிரிக்கிற விஷயம் இல்லை. இன்னும் ஊர் வர நேரம் இருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். சொந்தக்காரன் எவனும் நியாயம் சொல்ல மாட்டான். சாப்பிட்ட வீட்டுக்குப் பேசுவான்.

நான் கத்தி செய்கிறவன். சோணைமுத்து கத்தி என்றால் கறிக்கடைக்காரர்களுக்குத் தெரியும். லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்குமே பட்டை, அதை வாங்கி, வெட்டி, உலையில் போட்டுத் தட்டிச் செய்வது. தட்டுவது பெரிய விஷயமில்லை. தீட்டுவதுதான் விஷயம். சாணைக்கல்லில் தீட்டினால் கத்தி சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடம் செத்த இடம். அங்கே கூர் நிற்காது. அதுவுமில்லாமல் கல் வட்டமாக இருக்கிறதா, கத்தியிலும் குழி விழும்.

எனக்கு வாடிக்கை ஜப்பார் பாய். கறிக்கடை வைத்திருந்தார். ஒருநாள் தன் போனில் ஒரு படம் காட்டினார். எந்த நாட்டுக்காரனோ, கல்லே இல்லாமல் கத்தி தீட்டுகிறான். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பான எமரிப் பெல்ட் ஓடுகிறது. நடுவில் பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பலகை. பலகை இருக்கிற இடத்தில் கத்தியை வைத்து அழுத்தினால் கண்ணாடி மாதிரி தட்டையாக வருகிறது. சூடும் ஏறுவதில்லை.

“இது ஒன்னு இருந்தா மதுரை முழுக்க ஒங்க கத்திதாம்ணே” என்றார் பாய்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. அப்போது நான் திருப்புவனத்தில்தான் பட்டறை வைத்திருந்தேன். மாவு மில்லில் கழித்துப்போட்ட மோட்டாரை வாங்கினேன். கீழ்ச் சக்கரம் மோட்டாரோடு வந்தது. சதுரப் பைப்பை அறுத்துச் சட்டம் கட்டினேன். பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்க ஒரு பழைய மொபெட் ஸ்பிரிங். மேல் சக்கரத்தை இப்படியும் அப்படியும் சாய்க்க ஒரு திருகாணி. அது என் யோசனை. சாய்த்தால் பெல்ட் நகரும். பலகையையும் நானேதான் வைத்தேன். ஆட்டம் இருக்கக் கூடாது என்று மேலிருந்து கீழே ஒரே மூச்சாக வெல்டிங் அடித்தேன். நடுவில் நிறுத்தவே இல்லை. அப்படி அடிக்க யாருக்குக் கை வரும்?

மேல் சக்கரம் மட்டும் கடைய வேண்டும். லேத் வைத்திருக்கிற மாப்பிள்ளை இருக்கும்போது வெளியே போவானேன்? குருநாதனிடம் கொடுத்தேன். கடைந்து கொண்டுவந்தான். மாட்டினோம். சுவிட்சைப் போட்டால், பெல்ட் கட்டிப்போட்ட மாதிரி நடுவிலேயே நின்று ஓடுகிறது. ஒரு மயிரிழை விலகவில்லை. குருநாதன் சக்கரத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். தன் சக்கரத்தால்தான் ஓடுகிறது என்று நினைப்பு அவனுக்கு. பெல்ட்டை நடுவில் நிறுத்தியது என் திருகாணி. சொந்தக்காரன், சந்தோசப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெருந்தன்மை எனக்கு உண்டு.

அந்த மழைக்காலம் முழுக்க நல்ல ஓட்டம். கத்தி கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தான். பிறகு ஒருநாள் ஜப்பார் பாய் ஒரு கத்தியைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் படுக்கவைத்துக் காட்டினார்.

“நடுவுல வெளிச்சம் தெரியுது பாருங்கண்ணே. லேசா அலை அடிக்குது.”

பார்த்தேன். தெரிந்தது. என்னடா இது என்று குருநாதனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. நேராக என் பலகையில் விரலை வைத்துத் தடவினான்.

“பலகையப் பாருங்க மச்சான். வெல்டிங் சூட்டுல உள்வாங்கியிருக்கும். கழட்டிட்டு போல்ட்டு போட்டு மாட்டிப்போம்.”

கவனித்தீர்களா? தப்பு என்றால் அது என் கைவேலையில்தான் இருக்க வேண்டும். அவன் வேலையில் இருக்காது. அவன் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. இரும்பு ஸ்கேலை எடுத்து அவன் சக்கரத்தின் மேல் குறுக்காக வைத்தேன். வைத்துக் கண்ணை ஒட்டிப் பார்த்தேன். நடுவில் ஸ்கேல் உட்காருகிறது. இரண்டு ஓரத்திலும் வெளிச்சம்! நடு மேடு, ஓரம் தாழ்வு. மட்டமாகக் கடையத் தெரியாமல் கடைந்திருக்கிறான். மில்லுக்காரனுக்குக் கொடுக்கிற வேலையை இப்படிக் கொடுப்பானா? மச்சான்தானே, இது போதும் என்று நினைத்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக அவன் லேத் பட்டறைக்குப் போனேன். காலை டீ நேரம். அக்கம்பக்கத்து லேத்துக்காரர்களும் டம்ளரோடு நிற்கிறார்கள். நான் வாசலிலிருந்தே கேட்டேன்.

“என்ன மாப்ள, கோணச் சக்கரத்தக் குடுத்து என்னைய ஏமாத்திட்டியா?”

அவன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். “கோணல் இல்ல மச்சான். அது வயிறு. வேணும்னுதான் வச்சிருக்கேன். வயிறு இல்லாட்டி நிக்குமா?”

டம்ளரோடு நின்ற ஒருத்தன் சொன்னான்: “அண்ணனுக்கு வயித்தப் பத்தி நீ சொல்லித் தரணுமாக்கும்!”

கொல்லென்று சிரித்தார்கள். குருநாதனும் சிரித்தான். மற்றவன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறான். இவனும் சிரித்தான்.

உங்களுக்குப் புரியாது. சொல்கிறேன். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு தங்கச்சி வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தங்கச்சி பேச்சியம்மாளே கேரியரைத் தூக்கிக்கொண்டு வண்டியில் வருவாள். ஊருக்கே தெரியும். அப்படி இருக்கும்போது நாலு பேருக்கு நடுவில் ‘வயிறு’ என்றால் என்ன அர்த்தம்? நான் அவன் வீட்டுச் சோற்றில் வயிறு வளர்க்கிறேன் என்று அர்த்தம். சக்கரத்துக்கு ஏது வயிறு? பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது எனக்குச் சொன்னது என்று.

அன்றைக்கு மத்தியானம் அவள் வழக்கம்போலக் கேரியரோடு வந்தாள்.

“இந்த வயித்துக்கு இனிமே ஒங்க வீட்டுச் சோறு வேண்டாம்” என்றேன்.

“அவரு சக்கரத்தச் சொன்னாருண்ணே.”

“நீயும் அவன் பக்கம்தானா?”

“பக்கமென்ன பக்கம்? நெத்திலிக் கொழம்பு வச்சிருக்கேன். ஆறிப்போச்சுன்னா கவுச்சி அடிக்கும். முதல்ல சாப்புடு, அப்புறம் சண்ட போடு.”

சாப்பிடுவேனா? கேரியரை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நான் தொடவில்லை. நாய் உருட்டியது. மறுநாளும் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாளும் கொண்டுவந்தாள். கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான் தம்பி கூடப் பிறந்த பாசம். தொடர்ந்து கொண்டுவந்திருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் நான் சாப்பிட்டிருப்பேன். எனக்கென்ன பசி இல்லையா?

சக்கரத்தை நான் விடவில்லை. மதுரைக்கு எடுத்துக்கொண்டு போய் வேறொரு லேத்தில் கொடுத்தேன். மேட்டை எடுத்து மட்டமாக்கு என்றேன். அவன் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வயித்த எடுத்துட்டா பெல்ட்டு ஓடிருமேய்யா” என்றான்.

கேட்டீர்களா அநியாயத்தை? நான் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே குருநாதன் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். அதே வார்த்தை. வயிறு! லேத்துக்காரன் அத்தனை பேரும் ஒரே கூட்டம். “நான் சொன்னதைச் செய்” என்றேன். செய்தான். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஊசி நுழையாது. அவ்வளவு மட்டம்.

கொண்டுவந்து மாட்டி சுவிட்சைப் போட்டேன். பெல்ட் கழன்று சுவரில் போய் விழுந்தது. மறுபடி மாட்டினேன். இடது பக்கம் ஓடும். திருகாணியைத் தொட்டால் வலது பக்கம் ஓடும். நடுவில் மட்டும் நிற்காது. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தகரத்தில் கரை வைத்துப் பார்த்தேன். கரையில் உரசி உரசிப் பெல்ட் நார்நாராகப் பிய்ந்தது. ஒருநாள் அறுந்து சுழன்று அடித்தது. இதோ, காது மடலைப் பாருங்கள். பாதி இல்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது பிறவியிலேயே கெட்ட சக்கரம். ஒருத்தன் கெட்ட மனசோடு கடைந்ததை எத்தனை பேர் திருத்தினாலும் திருந்தாது. மனசு இரும்பில் இறங்கும் தம்பி. நீங்கள் நம்பாவிட்டால் போங்கள். நான் அனுபவித்தவன்.

அப்புறம் என்ன, பழைய கல்லுக்கே வந்தேன். கத்தி நீலம் பாய்ந்தது. பெல்ட் கத்திக்குப் பழகியவர்கள் கல் கத்தியைத் தொடுவார்களா? ஜப்பார் பாய் கொஞ்ச நாள் முகத்துக்காக வாங்கினார். பிறகு அந்த ரோட்டிலேயே வருவதை விட்டுவிட்டார். அந்த ஊர்க் காற்றே வேண்டாம் என்று மானாமதுரைக்கு வந்தேன். இப்போது கத்தி செய்வதில்லை. மற்றவன் செய்த கத்திக்குச் சாணை பிடிக்கிறேன். அரிவாள்மனைக்கும் பிடிக்கிறேன். ஒரு சக்கரம், ஒரு மனுசனை எங்கே கொண்டுவந்து விட்டது பார்த்தீர்களா?

மகள் ரூபிணிக்குக் கல்யாணம் நிச்சயமானது என்று பேச்சியம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்தாள். குருநாதனும் வந்தான். உள்ளே வரவில்லை, ரோட்டிலேயே நின்றான். கூப்பிட்டால் வருவான். நான் கூப்பிடவில்லை.

அவள் அழுதாள். “புள்ள ஒன்னையத்தாண்ணே கேக்குது. மாமா வராம மணவறை ஏற மாட்டேங்குது.”

அந்தப் பிள்ளை என் தோளில் வளர்ந்தது. அதன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. ரோட்டில் நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“நாலு பேருக்கு முன்னால என்னையச் சொன்னேல்ல? நாலு பேருக்கு முன்னால சக்கரம் தப்புன்னு சொல்லு. சபையில சொல்லு. நான் வாரேன்.”

பேச்சியம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்து செருப்பைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

“சரி மச்சான். சொல்றேன். நீங்க வந்து புள்ளைக்கு மாலையப் போடுங்க.”

அவ்வளவுதான். ஒத்துக்கொண்டான்! தப்பு இல்லாதவன் ஒத்துக்கொள்வானா? இப்போது நீங்கள் சொல்லுங்கள். நியாயம் யார் பக்கம்?

என்ன சொன்னீர்கள்?

ரைஸ் மில்லில் ஃபிட்டரா நீங்கள்? அதை முதலிலேயே சொல்வதற்கென்ன, இவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு!

சரி, சொல்லுங்கள். உங்கள் மில்லில் பட்டை பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்கெல்லாம் நடுவில் மேடு இருக்குமா? அதற்குப் பேரே வயிறா? கையை ஏன் இப்படிக் குவித்துக் காட்டுகிறீர்கள்? புரிகிறது, புரிகிறது. மேடு இருந்தால் பெல்ட் தானாக மேட்டுக்கு ஏறி அங்கேயே நிற்கும் என்கிறீர்கள். தம்பி, நான் படிக்காதவன்தான், பைத்தியக்காரன் இல்லை. தண்ணீர் மேட்டிலா நிற்கும்? உருட்டிவிட்ட கல் மேட்டிலா நிற்கும்? வழுக்கி இறங்கத்தானே செய்யும்? பெல்ட்டுக்கு மட்டும் என்ன வந்தது?

தண்ணீர் வேறு, பெல்ட் வேறா. ஓ.

அப்படியென்றால் முதலில் ஓடியதே, அந்த மழைக்காலம் முழுக்க...

இல்லை. அது என் திருகாணி.

நீங்கள் எந்த ஊர்? மானாமதுரையில்தானே ஏறினீர்கள்? எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதென்று உங்களுக்கு யார் சொன்னது? குருநாதனைத் தெரியுமா உங்களுக்கு? கோபப்படாதீர்கள். கேட்டேன். தெரியாது என்றால் தெரியாது.

ஆனால் ஒன்று. நீங்கள் சொல்வது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பேச்சுக்கு. அப்படியென்றால் இது லேத்துக்காரன் எல்லோருக்கும் தெரியும், இல்லையா? டீ டம்ளரோடு நின்றானே, அவனுக்கும் தெரியும். மதுரை லேத்துக்காரனுக்கும் தெரியும். மில்லுக்காரனுக்கும் தெரியும். ஆக, மண்டபத்தில் நான் இந்தச் சக்கரத்தைத் தூக்கி வைக்கிறேன். குருநாதன் எழுந்து தப்பு என்கிறான். அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் அவன் பொய் சொல்கிறான் என்று தெரியும். பாவம், இந்தக் கிழவனுக்காகச் சொல்கிறான், இதுகூடத் தெரியாத மடையன் இவன் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்கள். அன்றைக்கு நாலு பேர். இன்றைக்கு மண்டபம் நிறைய.

அடப்பாவி. அதனால்தான் உடனே ஒத்துக்கொண்டானா? ‘சரி மச்சான், சொல்றேன்’ என்று அவ்வளவு பவ்யமாக? தன் கைவேலையைத் தப்பு என்று சபையில் சொல்ல எவனாவது சம்மதிப்பானா தம்பி, உள்ளே ஒரு திட்டம் இல்லாமல்? பொண்டாட்டிக்காகவா? பிள்ளைக்காகவா? போங்கள் தம்பி. உங்களுக்கு வயசு போதாது. மனுசனைத் தெரியவில்லை.

போன் அடிக்கிறது. பேச்சியம்மாள்தான். இருங்கள்.

“சொல்லு... பஸ்லதான். வந்துட்டேன்... ஆமா, மாலை இருக்கு. மல்லிதான், நடுவுல ரோசா... அழுவுதா? எதுக்கு அழுவுது? மை கலைஞ்சிரும்னு சொல்லு... ஏத்தா, ஒன்னு கேக்கணும். லேத்துக்காரங்கல்லாம் வந்துட்டாங்களா?... எல்லாருமா?... எங்க?... சரி. சரி, வையி.”

கேட்டீர்களா? எல்லோரும் வந்துவிட்டார்களாம். முன் வரிசையிலேயே உட்கார வைத்திருக்கிறாளாம். என்ன சந்தோசமாகச் சொல்கிறாள்! ‘ஒனக்கு மரியாத செய்யணும்னு அவருதாண்ணே எல்லாரையும் கூப்புட்டாரு’ என்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறான். முன் வரிசை! நல்ல வேளை, நீங்கள் வாயைத் திறந்தீர்கள். இதோ, கண்டக்டர் வருகிறான்.

“பெருசு, திருப்புவனம்! எறங்குங்க. மாலையப் பாத்து, மாலையப் பாத்து...”

“எறங்கல தம்பி. மதுரைக்கு ஒரு டிக்கெட் போடு.”

“ஏறும்போது கல்யாணம்னீங்க?”

“கல்யாணம் மதுரையில. மாத்திச் சொல்லிட்டேன். போடுப்பா, பின்னால ஆளு நிக்குது.”

நீங்கள் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? கையைப் பிடித்து எழுப்புகிற வேலையெல்லாம் வேண்டாம். விடுங்கள் கையை. இது எங்கள் குடும்ப விஷயம். போகிறவன் நான், மாலை என்னுடையது. தாய்மாமன் இல்லாவிட்டால் எவனாவது பங்காளி முறைக்காரன் போட்டுவிட்டுப் போகிறான். இல்லாவிட்டால் நான் வருவேன் என்று உட்கார்ந்தே இருக்கட்டும். நேரம் தாண்டினால் தாண்டட்டும். அவன் செய்ததற்கு அவன்தானே அனுபவிக்க வேண்டும்?

பிள்ளை அழுகிறதுதான். அழுகிறது என்று அவளே சொன்னாள். நான் என்ன செய்ய முடியும்? எல்லாவற்றுக்கும் காரணம் அவன்.

பஸ் எடுத்துவிட்டான். உட்காருங்கள்.

மேளச் சத்தம் கேட்கிறது. யார் வீட்டுக் கல்யாணமோ. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் தம்பி, கண்ணில் தூசி விழுகிறது.